பொழி முறிந்த பிறகு தேடவேண்டிய குற்றிகள்

சேற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு மரக் குற்றி. தலை கறுத்து, உளுத்து, பென்சில் முனைபோலக் கூம்பியிருக்கும். ஒரு முழம் தள்ளி இன்னொன்று. அதற்கும் அப்பால், அதே கோட்டில், மற்றொன்று. கழிமுகத்துப் பழைய மீன்பொறி தன்னைக் காட்டிக்கொள்வது இவ்வளவுதான். சுவர் கிடையாது, எழுத்து கிடையாது, பானையோடுகூட அநேகமாக இருக்காது. வரிசை ஒன்றே சாட்சி.

உலகத்தில் இப்படிப்பட்ட வரிசைகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. இங்கிலாந்தில் எசெக்ஸ் கரையின் பிளாக்வாட்டர் கழிமுகத்தில் சாக்சன் காலத்து மரவேலிகள், கடல்நீர் இறங்கும் வற்றத்தின்போது வானிலிருந்து எடுத்த படங்களில் மெல்லிய கோடுகளாகத் தெரிந்தன. வேல்ஸின் டைவி ஆற்று முகத்தில் சுமார் 260 மீட்டர் நீளமான கவட்டை வடிவப் பொறி ஒன்று 2009-ல் கூகுள் எர்த் படத்தில் அகப்பட்டது. வட அயர்லாந்தின் ஸ்டிராங்ஃபர்ட் கழியில் மரத்தாலும் கல்லாலும் கட்டிய இடைக்காலப் பொறிகள் இருக்கின்றன. அந்தக் கரையிலேயே 1193-ல் நிறுவப்பட்ட கிரே ஆபி மடம் நிற்கிறது. கனடாவின் கோமாக்ஸ் துறைமுகச் சேற்றில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குற்றிகள் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

இவற்றை வாசித்துவிட்டு, அதே கண்ணோடு மணக்குடிக்கோ தேங்காப்பட்டணத்துக்கோ போனால் ஒன்றும் கண்ணில் படாது. அங்கே ஓதம், அதாவது கடல்நீரின் அன்றாட ஏற்ற இறக்கம், நடத்தும் வேலையை இங்கே வேறொன்று நடத்துகிறது. கன்னியாகுமரி மாவட்டத்துக் கழிமுகங்களில் பொறியைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் பொழியை, அதாவது ஆற்று வாயை அடைத்துக்கொள்ளும் மணல் திட்டை, புரிந்துகொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

பொறியின் உறுப்புகளை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு நீண்ட வேலிகள் கவட்டை போல விரிந்து நிற்கும். அவற்றைச் சிறகு என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் கூடும் இடத்தில் குறுகிய இடைவெளி, அது கண். கண்ணுக்குப் பின்னால் பறி அல்லது கூடு. பறியின் உள்ளே ஈர்க்கிலோ மூங்கில் சீவலோ உள்நோக்கிக் கூம்பி நிற்கும். மீன் நுழையும்போது விலகிக் கொடுக்கும், திரும்பும்போது குத்தி மறிக்கும். சிறகுக்குக் குற்றி அடித்து, இடையில் கமுகுப் பிளாச்சையோ முடைந்த ஓலையையோ சிறு கிளைகளான மிலாறையோ வைத்துக் கயிற்றால் கட்டுவது எல்லாக் கடற்கரைக்கும் பொதுவான வேலை. வேலி அடர்த்தியாக இருக்கவேண்டும் என்பதில்லை. இருட்டாக நிற்கும் கோட்டை மீன் கடக்கத் தயங்கி, அதன் ஓரமாகவே நீந்திக் கண்ணுக்கு வந்துவிடும். மடவை மட்டும் அப்படி அடங்காது. வேலி தட்டினதும் துள்ளித் தாண்டும். அதனால் மடவைக்கு வைக்கும் வேலி நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும், அல்லது வெளிப்பக்கத்தில் துள்ளி விழும் இடத்தில் ஒரு வலையை விரித்திருக்க வேண்டும். இறாலுக்கு ஒரு சென்டிமீட்டர் இடைவெளியே அதிகம். கரிமீனும் நண்டும் அடியை ஒட்டி வருவதால் வேலியின் அடி சேற்றோடு பொருந்தியிருக்க வேண்டும். நீரோட்டம் அடியைக் குடைந்துவிட்டால் மேலே எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தாலும் வீண்.

சிறகின் சாய்வு அழகுக்காக வைப்பதில்லை. ஓட்டத்துக்கு நேர்குறுக்காக வேலி நின்றால் வெள்ளத்தில் வரும் மட்டையும் பாசியும் ஆகாயத்தாமரையும் அதன்மேல் அடைந்து, நீரின் முழு எடையும் குற்றிகளின்மேல் ஏறி, ஒரே இரவில் எல்லாம் சாய்ந்துவிடும். சாய்வாக நின்றால் குப்பை வேலியோரமாக நழுவிக் கண்ணுக்கு வந்து சேரும்; அங்கே ஆள் நின்று வாரிப்போடலாம். ஆக, கண் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் நோக்கித்தான் ஓட்டம் இருந்திருக்கிறது. கவட்டையின் முனை கடலைப் பார்த்தால் அது இறங்கும் நீருக்கு வைத்த பொறி; உள்நாட்டைப் பார்த்தால் ஏறும் நீருக்கு வைத்தது. முட்டுக்குற்றிகள் இன்னும் தெளிவாகப் பேசும். வேலிக்கு முட்டுக்கொடுக்கும் சாய்ந்த குற்றியை எப்போதும் ஓட்டம் தள்ளும் பக்கத்தில்தான் அடிப்பார்கள். மேல்பகுதி அழுகிப்போனாலும் சேற்றுக்குள் இருக்கும் அடிப்பகுதி அதே சாய்வோடு கிடக்கும். ஒரு கோணமானியை வைத்து இருபது குற்றிகளின் சாய்வை அளந்தால் போதும், அந்த வேலி எந்த நீருக்கு அஞ்சியது என்று தெரிந்துவிடும்.

இனி ஓதக் கணக்கு. இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் இடையிலுள்ள செவர்ன் கழிமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெருவாவு நாட்களில் 14 மீட்டர் வரை போகும். நம் கரையில் வாவு நாளில்கூட ஒரு மீட்டரைத் தொடாது. கரையின் சரிவு நூற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் 70 சென்டிமீட்டர் வித்தியாசத்தில் 70 மீட்டர் அகலச் சேறு வெளியே வரும். சரிவு இருபதுக்கு ஒன்றானால் வெறும் 14 மீட்டர். ஒரு நாளைக்கு இரண்டு முறை நீர் ஏறி இறங்குவது இங்கும் உண்டு. ஆனால் அந்த மெல்லிய ஏற்ற இறக்கத்தை மட்டும் நம்பி 100 மீட்டர் வேலி அடிப்பது கூலிக்குக் கட்டாது. சிறிய பக்கக் கால்வாயின் வாயை அடைக்கலாம், உப்பளத்து ஓடையில் ஒரு பறி வைக்கலாம். அதற்கு அந்த ஓதம் போதும்.

பெரிய ஓட்டம் வேறு நேரத்தில் வருகிறது. பழையாறு மணக்குடியில் கடல் சேரும் இடத்தில், மழை குறைந்த மாதங்களில் அலை கொண்டுவந்து போடும் மணல் திட்டாகச் சேர்ந்து வாயை அடைத்துவிடும். ராஜாக்கமங்கலம் துறைப் பன்றிவாய்க்கால் முகத்திலும் இதே கதைதான். பொழி அடைத்துவிட்டால் உள்ளே ஓதம் கிடையாது. ஆற்று நீர் தேங்கித் தேங்கிக் காயல் மட்டம் உயரும், உப்பு குறையும், மீன் பெருகும். பிறகு தென்மேற்கு மழையோ ஐப்பசி மழையோ வெள்ளம் கொண்டுவரும்போது பொழி தானாக முறியும், அல்லது வயலுக்குள் தண்ணீர் ஏறுகிறதென்று ஆட்கள் மண்வெட்டியால் ஒரு கீறல் கீறிவிடுவார்கள். சில மணி நேரத்தில் அந்தக் கீறல் ஆறாக அகன்று, மாதக்கணக்காகத் தேங்கிய நீர் முழுக்க ஒரே மூச்சில் கடலுக்குப் போகும். உள்ளே வளர்ந்த மடவையும் கொடுவாயும் இறாலும் அதோடு போகும். பிறகு சில வாரங்களுக்கு வாய் திறந்திருக்க, ஓதம் உள்ளே வந்து போகும்.

என் கணிப்பு இதுதான்: செவர்னில் நாளுக்கு இரண்டு முறை நடப்பது இங்கே ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை பெரிதாக நடக்கிறது. ஆகவே இங்கே பொறிக்கு ஏற்ற இடம் திறந்த வாய் ஆகாது. அந்த வேகத்தில் எந்தக் குற்றியும் நிற்காது. வாயிலிருந்து உள்ளே தள்ளி, பெரும் நீர் போகும் தடத்துக்குப் பக்கவாட்டில், காயல் வடியும்போது தாழ்ந்த சேற்றுப் பரப்பிலிருந்து நீர் ஓடிவந்து சேரும் சிறு ஓடைகளின் கழுத்தில்தான் தேடவேண்டும். மட்டம் குறையும்போது மேட்டுச் சேற்றில் மேயும் மீன் அந்த ஓடை வழியாகத்தான் ஆழத்துக்கு இறங்கும். வேறு வழி அதற்கில்லை.

இடங்களைப் பொறுத்தவரை மாவட்டத்தின் மேற்கும் கிழக்கும் ஒன்றல்ல. மணக்குடியில் காயல் அகலம், சேறு ஆழம், இரு கரையிலும் சாமித்தோப்பு, புத்தளம் பக்கம் உப்பளங்கள். சேறு ஆழமாக இருப்பது மரத்துக்கு நல்லது. ஆனால் 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை மேலமணக்குடியையும் கீழமணக்குடியையும் இணைத்த பாலத்தையே பெயர்த்துக்கொண்டு போனது. வாயருகே மேல்மட்ட மணல் எதுவும் பழைய இடத்தில் இருப்பதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பாலத்துக்கு உள்ளே, வடக்கே போகப் போகத்தான் நம்பிக்கை. வள்ளியாறு சேரும் கடியபட்டணத்துப் பக்கம் பாறையும் மணலும் அதிகம், சேறு குறைவு. மரம் தங்கும் இடம் அங்கே கொஞ்சம்தான். குழித்துறைத் தாமிரபரணி தேங்காப்பட்டணத்தில் சேரும் முகம் எல்லாவற்றையும்விடப் பெரியது. பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. பெருஞ்சாணி அணை 1950-களில் வந்தது. அதற்கு முன்னிருந்த ஆற்றின் வெள்ளமும் வண்டலும் இன்றில்லை. இப்போது மீன்பிடித் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் வாயின் போக்கை முற்றிலும் மாற்றிவிட்டன. அங்கே இன்றைய வாயை வைத்துக் கணக்குப் போட்டால் தவறாகிவிடும். இரயுமன்துறைப் பக்கத்துப் பழைய ஓடைகளும், அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் எனப்படும் ஏ.வி.எம். கால்வாய் ஆற்றோடு கூடும் மூலைகளும் கவனிக்கத் தக்கவை.

காலில் சேறு படும் முன்பு மேசையில் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1960 முதல் 1972 வரை எடுத்த கொரோனா படங்கள் 1995-ல் ரகசியம் நீக்கப்பட்டுவிட்டன. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் இணையதளத்தில் தேடலாம். பிற்காலக் கேமராக்களின் நுணுக்கம் சுமார் 2 மீட்டர். குற்றி தெரியாது, ஆனால் துறைமுகத்துக்கும் இறால் பண்ணைக்கும் முந்தைய ஓடைகளும் மணல்திட்டும் தெரியும். அதை இன்றைய படத்தின்மேல் பொருத்தி, மறைந்துபோன ஓடைக் கழுத்துகளைக் குறித்துக்கொள்ளுங்கள். கூகுள் எர்த்தில் பழைய தேதிகளுக்கு நகர்த்திப் பார்க்கும்போது, மழை முடிந்து நீர் தெளிந்த நாளின் படமாகப் பார்த்து எடுக்க வேண்டும். வெயில் நீரில் பளிச்சிடும் படத்தில் எதுவும் தெரியாது.

ஏட்டுச் சான்றுகளும் உதவும். இங்கிலாந்தில் 1215-ஆம் ஆண்டு மன்னர் ஒப்பிய உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவின் 33-ஆம் விதி, தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாடெங்கிலும் உள்ள மீன்வேலிகளை அகற்றச் சொல்கிறது, கடற்கரையில் இருப்பவை தவிர. ஓடம் போகும் வழியை அவை மறித்ததுதான் காரணம். நம் பக்கம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூராகவும் திருவிதாங்கூர்-கொச்சியாகவும் இருந்ததால், நில அளவைப் பதிவேடுகள் மலையாளத்தில் இருக்கும். அவற்றில் காயலோர நிலத்தின் பெயர்களைத் தமிழ்க் கண்ணாலும் மலையாளக் கண்ணாலும் படிக்க வேண்டும். பறி, குற்றி, வேலி, அடைப்பு, சிறை போன்ற சொற்கள் ஒரு நிலப்பெயரில் வந்தால் அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைவிடப் பழைய சான்று வேண்டுமென்றால், குழித்துறை ஆற்றோரத்துப் பார்த்திவபுரத்தில் 9-ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் விட்ட செப்பேடு போன்றவற்றின் எல்லைக் குறிப்புகளைப் படிக்கலாம். எல்லை சொல்லும் வரிகள் ஆறும் கழியும் அன்று எங்கே ஓடின என்பதற்கு வழிகாட்டும். கொடையைப் பற்றிய வரிகளில் அது கிடைக்காது.

களத்துக்கு எப்போது போவது? பெரும்பாலோர் கோடையில் போவார்கள், நீர் தெளிவாக இருக்கும் என்று. பொழி அடைத்திருந்தால் கோடையில்தான் காயல் மட்டம் உயர்ந்து, குற்றிகள் எல்லாம் இடுப்பளவு நீருக்கு அடியில் இருக்கும். சரியான நேரம், பொழி முறிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, அந்த வேகம் அடங்கியபின், வாவை ஒட்டிய வற்றம். அப்போது காயல் வடிந்திருக்கும், ஓடைக் கழுத்துகளில் புதிய அரிப்பு பழைய குற்றிகளைத் திறந்து காட்டும். முறிந்த அன்றே ஓடையில் இறங்கக் கூடாது. அந்த ஓட்டத்தில் நீச்சல் தெரிந்தவரும் தப்ப முடியாது. வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே தொடங்கி, நீர் திரும்பியதும் கரையேறிவிட வேண்டும். தனியாகப் போகவே கூடாது. சேற்றில் நிற்க இரண்டு பலகைகள் வேண்டும். நான்கு அடி நீளம், ஒரு அடி அகலம் போதும். பலகை உங்களைக் காப்பது ஒருபுறம். உங்கள் காலிலிருந்து குற்றிகளைக் காப்பது இன்னும் முக்கியம். ஊறிய பழைய மரம் பாலாடைக் கட்டி மாதிரி இருக்கும், மிதித்தால் முடிந்தது.

அளவெடுக்க விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. கைபேசியின் ஜி.பி.எஸ். 3 முதல் 5 மீட்டர் தவறும்; 30 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் குற்றிகளுக்கு அது பயன்படாது. சென்டிமீட்டர் துல்லியம் தரும் ஆர்.டி.கே. கருவி கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் கரையில் அசையாத இரண்டு புள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள், பாலத்தின் தூண் மூலையோ கான்கிரீட் படியோ. அவற்றுக்கிடையே ஒரு நேர்கோடு இழுத்து, 30 மீட்டர் டேப்பால் ஒவ்வொரு குற்றியும் அந்தக் கோட்டில் எத்தனை தூரத்தில், எத்தனை விலகி நிற்கிறது என்று எழுதுங்கள். உயரத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். அதில் காற்றுக்குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டால் 20 மீட்டர் தூரத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குள் வரும். ஒவ்வொரு குற்றிக்கும் எண், விட்டம், சாய்வின் கோணமும் திசையும், உருண்டையா பிளந்ததா, பட்டை இருக்கிறதா, தலை எந்த உயரத்தில் என்று ஒரே வரிசையில் எழுதவேண்டும். படம் எடுக்கும்போது அளவுகோலும் வடக்குக் குறியும் இல்லாத படம் ஒன்றுக்கும் உதவாது.

மேலே தெரியாத குற்றிகளைத் தேட 8 மில்லிமீட்டர் கம்பி, ஒன்றரை மீட்டர் நீளம். மெல்லச் செருகுங்கள். மரத்தில் பட்டால் மந்தமாக நிற்கும், கல்லில் பட்டால் கையில் சுரீரென்று உணர்த்தும், சிப்பி என்றால் நறநறக்கும். கம்பியால் குத்திக் குத்தி மரத்தைத் துளைத்துவிடாதபடி, முதல் எதிர்ப்பிலேயே நிறுத்திவிட வேண்டும்.

கண் இருந்த இடத்தைக் கண்டுபிடித்தால் அதுதான் பெரும் பேறு. ஓட்டம் அங்கே குவிவதால் அடிச்சேறு குடையப்பட்டு ஒரு குழி விழும். பொறியைக் கைவிட்டபின் அந்தக் குழி மெல்ல மெல்ல இலை, ஈர்க்கு, மீன்முள், கயிற்றுத் துண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நிரம்பும். கரிய சேற்றுக்குள் காற்று போகாததால் அவை அப்படியே இருக்கும். சிறகின் 200 குற்றிகளைவிட இந்தக் குழியின் ஒரு பக்கெட் சேறு அதிகம் சொல்லும்.

எது பொறியில்லை என்பதில்தான் இந்த மாவட்டத்தில் அதிகப் பிழை நேரும். முதலாவது, கதம்பல். தேங்காய்த் தொண்டை நாராக்க மாதக்கணக்கில் காயலோரத்தில் ஊறப்போடும் அடைப்புகளுக்கும் குற்றி அடித்து வேலி கட்டுவார்கள். அது சிறகு மாதிரியே தெரியும். வித்தியாசம்: கதம்பல் அடைப்பு எல்லாப் பக்கமும் மூடியிருக்கும், கண் இருக்காது, உள்ளே சேறு நாரும் தும்புமாக இருக்கும், கிண்டினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். இரண்டாவது, சதுப்புநில மரமான வெண்கண்டலின் மூச்சு வேர்கள். சேற்றிலிருந்து நேராக மேலே, விரல் தடிமனில், வரிசையாக எழும். கீழே அடிவேர் கிடையாகப் போவதைத் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றாவது, வள்ளம் கட்டும் குற்றி; தடித்ததாக, தனித்தனியாக, கயிறு உராய்ந்த பள்ளத்தோடு இருக்கும். நான்காவது, உப்பளத்து மடைகளும் கரை இடியாமல் அடித்த வரிசைகளும். இவை கரைக்கு இணையாகப் போகும், கரையிலிருந்து விலகாது. ஐந்தாவது, போன வருடம் யாரோ வைத்த வலைக்குற்றி. நைலான் துணுக்கு ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்ணிக்கையைக் கண்டு ஏமாறுவது இன்னொரு பெரும் பிழை. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1913-ல் சுரங்க ரயில் பாதை தோண்டியபோது குற்றிகள் கிடைத்தன; பின்னர் கட்டட அடித்தளம் தோண்டியபோது கிடைத்தவற்றையும் சேர்த்து சுமார் 65,000 என்று மதிப்பிட்டு, ஒரே பிரம்மாண்டப் பொறியென்று நீண்டகாலம் நம்பினார்கள். பின்வந்த ஆய்வு, அவை நூற்றாண்டுகள் பலவற்றில் திரும்பத் திரும்ப எழுப்பிய சிறிய வேலிகள் என்று காட்டியது. இது ஏன் என்று எளிய கணக்கில் புரியும். ஒரு சிறகு 60 மீட்டர், அரை மீட்டருக்கு ஒரு குற்றி என்றால் 120; இரண்டு சிறகுக்கு 240. உப்பு நீரில் கப்பல் புழு துளைக்கும் மூங்கில் குற்றியை இரண்டு ஆண்டுக்கொருமுறை மாற்றினால் 20 ஆண்டில் 2,400. மேல்பாகம் போய்விடும், அடி எல்லாம் சேற்றிலேயே தங்கும். ஆகவே அடர்த்தி என்பது பழுதுபார்ப்பின் கணக்கு. எந்தெந்தக் குற்றி ஒரே காலத்தது என்று விட்டம், மரவகை, சாய்வு, தலை உயரம் எல்லாம் வைத்துப் பிரித்தபிறகுதான் பொறியின் வடிவத்தைக் கோடிட்டு வரையவேண்டும். காகிதத்தில் கோட்டை முதலில் போட்டுவிட்டால் கண் அதற்கு ஏற்றபடியே குற்றிகளைப் பார்க்கத் தொடங்கிவிடும்.

கல்லிலும் இதே எச்சரிக்கை. தென்னாப்பிரிக்கக் கரையின் கல்வேலிப் பொறிகளை ஆயிரக்கணக்கான ஆண்டு பழமையானவை என்று சொல்லிவந்தார்கள்; அவற்றில் பல 19, 20-ஆம் நூற்றாண்டுகளில் கட்டியவை என்று பிறகு நடந்த ஆய்வு வாதிட்டது. கல்லுக்கு வயது கிடையாது. கட்டியவன் கைக்கே வயது உண்டு. நம் மேற்குப் பகுதியில் வெட்டுக்கல் வரிசை ஒன்று கழியில் கிடந்தால், அது பொறியா, இடிந்த படித்துறையா, கால்வாய்க் கரையா என்று அடியைத் தோண்டாமல் சொல்ல முடியாது.

வயதைக் கணிப்பதில்தான் நம் மரங்கள் தனி வழி போகின்றன. ஐரோப்பாவில் ஓக் மரத்தின் ஆண்டு வளையத்தை எண்ணி, வெட்டிய ஆண்டையே சொல்லிவிடுவார்கள். நம்மிடம் தென்னை, பனை, கமுகு, மூங்கில். நான்கிலும் ஆண்டு வளையம் கிடையாது. எஞ்சுவது கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு. அதற்கு எந்தத் துண்டை அனுப்புகிறோம் என்பதில் பாதி விடை இருக்கிறது. பனந்தடியின் அடிப்பகுதியை அனுப்பாதீர்கள். பனை நூறு ஆண்டு வாழும், அடியில் இருக்கும் நார் அது கன்றாக இருந்தபோது உண்டானது, ஆகவே பொறியைவிடப் பல பத்தாண்டு மூத்த தேதி வரும். மூங்கில் நல்லது: ஒரு கழி ஒரே பருவத்தில் முழு உயரம் வளர்ந்துவிடும், சில ஆண்டிலேயே வெட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் சிறந்தது ஈர்க்கு. ஒரு ஓலையின் ஆயுள்தான் அதன் ஆயுள். பறியின் ஈர்க்கோ, கட்டின கயிற்றின் தும்போ கிடைத்தால் குற்றியை விட்டுவிட்டு அதை அனுப்புங்கள். நவீன முடுக்கி முறைக்கு 20 மில்லிகிராம் மரமே போதும். தில்லியில் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான முடுக்கி மையத்தில் அந்த வசதி இருக்கிறது. லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனமும் கரிமக் கணிப்பு செய்கிறது.

சிப்பியை அனுப்பினால் கடல் நீரிலுள்ள பழைய கரிமத்தால் சில நூறு ஆண்டு கூடிவிடும். கழிமுகத்தில் ஆற்று நீர் கலப்பதால் எத்தனை கூட்டுவது என்றே நிலையான எண் சொல்ல முடியாது. இன்னொரு சங்கடம், ஏறத்தாழ 1650-க்கும் 1950-க்கும் இடைப்பட்ட காலத்தில் வளிமண்டலக் கரிமத்தின் ஏற்ற இறக்கத்தால் ஒரே அளவீட்டுக்கு மூன்று நான்கு விடை வரும். 18-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலமா, அவருக்கு 150 ஆண்டு பிந்தியதா என்று கரிமம் மட்டும் சொல்லாது. அந்த இடத்தில் ஏடும் வரைபடமும்தான் கைகொடுக்கும். ஆனால் 1950-களின் நடுவில் அணுகுண்டுச் சோதனைகளால் கரிமம் திடீரென்று கூடியதால், அதற்குப் பிந்தைய குற்றியை ஓரிரு ஆண்டுத் துல்லியத்தில் பிடித்துவிடலாம். நாம் 8 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால் பருவக்காற்று தென்கோளக் காற்றையும் கொண்டுவருகிறது. அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் அளவுத்திருத்தத்தை வடகோள வளைவில் மட்டும் செய்யாமல் இரண்டையும் கலந்து செய்யும்படி ஆய்வகத்திடம் கேட்கவேண்டும்.

மணலை வைத்து, அது கடைசியாக வெளிச்சம் கண்ட காலத்தைக் கணிக்கும் ஒளிர்வு முறையும் உண்டு. மணவாளக்குறிச்சிக் கரையை ஒட்டி அதைச் செய்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. தோரியம் கொண்ட மோனசைட் மணல் அடுக்கடுக்காகக் கிடப்பதால் கதிர்வீச்சு ஒரு சாண் தூரத்தில்கூட மாறும். ஆண்டுக் கதிர் அளவை மாதிரி எடுத்த அதே குழியில் கருவி வைத்து அளக்காமல், வேறிடத்து எண்ணைப் போட்டால் வரும் வயதை நம்ப முடியாது.

எடுத்த மரத்தை உலரவிடக் கூடாது. ஊறிய மரத்தின் உயிரணுச் சுவரை நீர்தான் தாங்கி நிற்கிறது. உலர்ந்தால் சுருங்கி வெடித்து, கோடரி வெட்டின் முகங்களெல்லாம் மறைந்துபோகும். அந்த முகங்கள் முக்கியம்: இரும்புக் கருவி தட்டையான, நீண்ட முகத்தை விடும், மழுங்கிய வாய் ஒவ்வொரு வெட்டிலும் ஒரே கீறலைத் திரும்பத் திரும்பப் பதிக்கும், அதை வைத்து ஒரே கருவியால் கூராக்கிய குற்றிகளைச் சேர்த்துவிடலாம். காயல் நீரிலேயே இரட்டைப் பாலித்தீன் உறையில் போட்டு, இருட்டில், குளிர்பெட்டியில் வையுங்கள். வயது கணிக்கவிருக்கும் துண்டை அலுமினியத் தாளில் சுற்றுங்கள். காகிதச் சீட்டை உள்ளே போடாதீர்கள், பூஞ்சை பிடிக்கவிடாதீர்கள், மரத்தைக் காக்கப் பயன்படும் பாலிஎத்திலீன் கிளைக்காலை அதில் தொடவே விடாதீர்கள். அது பெட்ரோலியத்திலிருந்து வருவது, வயதை ஏற்றிவிடும்.

இதையெல்லாம் யாரும் தன்போக்கில் தோண்டிச் செய்ய முடியாது. அகழ்வுக்குத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். மணக்குடிக் காயல் சுசீந்திரம், தேரூர் நீர்நிலைகளோடு சேர்ந்து பாதுகாப்புக் காப்பகமாக இருப்பதால் வனத்துறையையும் கேட்க வேண்டும். அனுமதி இல்லாமல் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் ஒன்று: பார்த்து, அளந்து, படம் எடுத்து, பிடுங்காமல் விட்டு, மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு எழுதித் தெரிவிப்பது.

ஏனென்றால் திறந்துவிட்ட குற்றிக்கு ஆயுள் குறைவு. கரிய சேற்றில் இருக்கும் கந்தகக் கனிமம் காற்றுப் பட்டதும் அமிலமாகி மரத்தை உள்ளிருந்து தின்னும். உப்பு நீர் வந்தால் கப்பல் புழு வெளியிலிருந்து தின்னும். பதிவு முடிந்ததும் அதே சேற்றை அள்ளி மூடி, மேலே மணல் நிரப்பிய சணல் சாக்கை வரிசையாக அடுக்கிவிடுவது நல்லது. சாக்கு ஒன்றிரண்டு மழைக்குள் மட்கிப்போகும், அதற்குள் வண்டல் படிந்துவிடும். ஒரு குற்றியை மட்டும் மூடாமல் விட்டு, அதன் தலையிலிருந்து சேறு வரை எத்தனை மில்லிமீட்டர் என்று எழுதிவையுங்கள். அடுத்த முறை பொழி முறிந்த மூன்றாம் நாள் போய் அதே குற்றியை அளந்தால், ஓராண்டில் அந்த ஓடைக் கழுத்தில் சேறு ஏறியதா இறங்கியதா என்பது கையில் எண்ணாக இருக்கும். இறங்கியிருந்தால் மற்றக் குற்றிகளுக்கு இன்னும் எத்தனை பருவம் மிச்சம் என்று அதே எண்ணால் வகுத்துப் பார்த்துவிடலாம்.